பாலியில் நல்ல காபி தேடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

பாலித் தீவில் காபிக்கடைக்குப் பஞ்சமே இல்லை. சிக்கலே அதுதான். சாங்குவில் ஏதாவது ஒரு முக்கில் நின்று சுற்றிப் பார்த்தால் நாலு கடையாவது கண்ணில் படும். நாலிலும் அதே மூங்கில் விளக்கு, அதே ஓட்ஸ் பால் லாட்டே, அதே விலை. எதற்குள் நுழைவது?

இது காபி விளைகிற தீவு. கடற்கரையிலிருந்து ரெண்டு மணி நேரம் வண்டியில் போனால் செடியையே தொட்டுப் பார்க்கலாம். அவ்வளவு தூரம் போய்விட்டு, உலகத்தில் எந்த விமான நிலையத்திலும் கிடைக்கிற காபியைக் குடித்துவிட்டு வருவது வீண் செலவு. அதனால் நான் கடையை அளக்கும் அளவுகோல் ரெண்டே கேள்விதான். கொட்டை எங்கே விளைந்தது? எப்போது வறுத்தது? இந்த ரெண்டுக்கும் யோசிக்காமல் பதில் சொல்லும் கடையில் காபி மோசமாக இருப்பது அபூர்வம்.

முதலில் மலையைத் தெரிந்துகொள்ளுங்கள்

பாலியில் இரண்டு வகைக் காபி விளைகிறது. வடகிழக்கில் பத்தூர் எரிமலையைச் சுற்றியுள்ள கிந்தாமணி மேட்டுநிலத்தில், 900 மீட்டருக்கு மேல் அராபிகா. மேற்கே தபானான் பகுதியின் புபுவான், வடக்கே முண்டுக் பக்கமுள்ள சரிவுகள் எனக் கொஞ்சம் தாழ்வான இடங்களில் ரோபஸ்டா.

கிந்தாமணி அராபிகா மென்மையானது. எலுமிச்சை, ஆரஞ்சு மாதிரி ஒரு புளிப்பு நாக்கின் ஓரத்தில் நிற்கும். தோட்டங்களில் காபிக்கு நடுவே ஆரஞ்சு மரங்களும் இருக்கும். அதனால்தான் காபியில் ஆரஞ்சு வாசனை வருகிறது என்று கடைக்குக் கடை சொல்வார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் புளிப்புக்கு உயரமும், பழத்தைத் தோல் நீக்கி, புளிக்க வைத்து, கழுவிக் காயப்போடும் முறையும்தான் முக்கியக் காரணம். சுமத்ராவில் கொட்டையை ஈரத்தோடேயே மேலோடு உரித்துவிடுவார்கள். அங்கத்திய காபிக்கு மண்வாசமும் கனமும் வருவது அதனால்தான். "இந்தோனேசியக் காபி என்றாலே கனமாக இருக்கும்" என்று நினைத்துக்கொண்டு கிந்தாமணியைக் குடித்தால், இது என்ன இவ்வளவு லேசாக இருக்கிறது என்று தோன்றும். அது அப்படித்தான் இருக்க வேண்டும். 2008-இல் புவிசார் குறியீடு பெற்ற காபி அது, இந்தோனேசியாவிலேயே முதலாவது. 'சுபாக் அபியான்' என்ற பழைய விவசாயக் கூட்டமைப்புகள் மூலமாகத்தான் அங்கே காபி பதப்படுத்தப்பட்டு வெளியே வருகிறது.

ரோபஸ்டா கறுப்பு, கசப்பு, கெட்டி. டச்சுக்காரர்கள் ஜாவாவில் முதலில் பயிரிட்டதெல்லாம் அராபிகாதான். 1870-களில் இலைத்துரு நோய் வந்து தாழ்நிலச் செடிகளை அழித்த பிறகு, 1900-ஐ ஒட்டி நோயைத் தாங்கும் ரோபஸ்டாவைக் கொண்டுவந்தார்கள். இன்றைக்கும் தெருவோரக் கடைகளில் உங்களுக்குக் கிடைக்கும் 'கோபி பாலி' பெரும்பாலும் ரோபஸ்டாதான். மட்டமான சரக்கு என்று ஒதுக்க வேண்டாம். வேறு ருசி, அவ்வளவே.

எந்த மாதிரிக் கடை வேண்டும்?

மூன்று உலகங்கள் இருக்கின்றன. ஒன்று, உள்ளூர்க்காரர்கள் உட்காரும் வாருங். சின்னப் பெட்டிக்கடை மாதிரி, கண்ணாடி டம்ளரில் காபி, விலை பெரும்பாலும் 5,000 முதல் 10,000 ரூபியா. இரண்டு, கொட்டையைத் தானே வறுத்து, எடைபோட்டு, வடிகட்டித் தரும் புதுவகைக் கடைகள். ஒரு கோப்பை 30,000-இலிருந்து 50,000 வரை. மூன்றாவது, மலைப்பாதை ஓரத்தில் "தோட்டம்" என்று போர்டு வைத்திருக்கும் சுற்றுலா இடங்கள். மூன்றாவதைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது, கீழே வருகிறேன்.

ஒரே நாளில் முதல் இரண்டையும் பார்க்கலாம். காலை ஆறரை மணிக்கு வாருங், பத்து மணிக்கு மேல் புதுவகைக் கடை. இந்த வரிசைக்குக் காரணம் இருக்கிறது, அதுவும் கீழே.

எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத் தேடுங்கள்

வரைபடத்தில் பத்துக் கிலோமீட்டர் என்று காட்டினால் நம்பிவிடாதீர்கள். பாலியின் தெற்கில் தூரத்தை நேரத்தால்தான் அளக்க வேண்டும். மாலையில் செமின்யாக்கிலிருந்து சாங்குவுக்குப் போக ஒரு மணி நேரம்கூட ஆகும். நடந்து போகிற தூரத்தில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, தொலைவில் உள்ளதை வேறு வேலையோடு சேர்த்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

உபுட் எனக்குப் பிடித்த இடம். ஊரே மலைக்குப் போகும் வழியில் இருப்பதால் கிந்தாமணிக் கொட்டை எளிதாகக் கிடைக்கும். ஸ்ரீவேதாரி தெருவிலுள்ள செனிமான் கடையில் தாங்களே வறுக்கிறார்கள். எந்தத் தீவின் கொட்டை என்று பெயரோடு சொல்லித் தருகிறார்கள். பாலியோடு ஃப்ளோரஸ், சுலவேசி, சுமத்ராக் கொட்டைகளையும் பக்கத்தில் வைத்து ருசி பார்க்க இந்த மாதிரிக் கடைகள்தான் வசதி.

செமின்யாக், சாங்கு பக்கம் ஆஸ்திரேலியப் பயணிகள் அதிகம். அதனால் எஸ்பிரசோ, பால் காபி எல்லாம் நன்றாகவே இருக்கும். காயு ஆயா சாலையிலிருந்து பிரியும் சந்துக்குள் இருக்கும் ரிவால்வர் இதற்குப் பெயர்பெற்றது. ஆனால் இந்தப் பகுதியில் படத்துக்காகவே கட்டிய கடைகளும் ஏராளம். வாசலில் ஊஞ்சல் தொங்கினால் நான் கொஞ்சம் யோசிப்பேன்.

டென்பசாரைப் பெரும்பாலான பயணிகள் எட்டிப் பார்ப்பதே இல்லை. நஷ்டம் அவர்களுக்குத்தான். காஜா மடா சாலையில், பெரிய சந்தையான படுங்குக்குப் பக்கத்தில் பினேகா ஜெயா என்ற பழைய கடை இருக்கிறது. பட்டாம்பூச்சியும் உலக உருண்டையும் போட்ட 'கூப்பு-கூப்பு போலா துனியா' காபித்தூள் இவர்களுடையது. 1935 முதல் வியாபாரம். சந்தைக்குப் போகிற சாக்கில் அங்கே ஒரு காபி குடித்துவிட்டு, பொட்டலமும் வாங்கிக்கொள்ளலாம்.

சனூர் அமைதியான ஊர். கடற்கரை நடைபாதையில் விடியற்காலையில் உள்ளூர் வாருங்குகள் திறந்திருக்கும். நுசா துவா ஓட்டல் வளாகங்களில் நல்ல காபி தேடி அலைய வேண்டாம், அறையிலேயே குடித்துவிடுங்கள்.

கைபேசியில் தேடும் முறை

"சிறந்த காபிக்கடை" என்று ஆங்கிலத்தில் தேடினால் எல்லோருக்கும் வரும் அதே பத்துக் கடைதான் வரும். இந்தோனேசியச் சொற்களில் தேடிப் பாருங்கள். 'கெடாய் கோபி' என்றால் காபிக்கடை. 'வாருங் கோபி' தெருவோரக் கடை. 'சங்க்ராய்' என்றால் வறுத்தல். இதைச் சேர்த்துத் தேடினால் வறுக்கும் கடைகள் மேலே வரும்.

நட்சத்திரத்தைப் பார்க்காதீர்கள். பாலியில் முக்கால்வாசிக் கடைக்கு நாலரைக்கு மேல்தான் இருக்கும். விமர்சனங்களைப் புதியது முதலில் வருமாறு மாற்றி, காபி என்ற சொல் எத்தனை பேர் எழுதியதில் வருகிறது என்று பாருங்கள். இருபது பேர் வைஃபையையும் வாழைப்பழக் கிண்ணத்தையும் புகழ்ந்து, காபியைப் பற்றி ஒரு வரியும் இல்லை என்றால் விஷயம் புரிந்துவிடும். அப்புறம் படங்கள். கடை போட்ட படங்களை விட்டுவிடுங்கள். வாடிக்கையாளர் எடுத்ததைப் பெரிதாக்கிப் பாருங்கள். கல்லாவுக்குப் பின்னால் அரைக்கும் எந்திரம் எத்தனை? அலமாரியில் பொட்டலங்கள் இருக்கின்றனவா, அவற்றில் தேதி எழுதியிருக்கிறதா? காபி போடுகிறவர் ஒரு படத்திலாவது இருக்கிறாரா? இவ்வளவும் ரெண்டு நிமிட வேலை.

இன்னொன்று. இந்தோனேசிய மொழியில் எழுதப்பட்ட விமர்சனங்கள் நிறைய இருக்கும் கடைக்கு நான் முன்னுரிமை தருவேன். ஜகார்த்தாவிலிருந்தும் சுரபாயாவிலிருந்தும் வருகிற இளைஞர்கள் காபி விஷயத்தில் கறார்ப் பேர்வழிகள்.

வாசலில் நின்று பார்க்க வேண்டியவை

உள்ளே போகும்போது ஒரு விஷயம்: வாசலில் தென்னங்குருத்துத் தட்டில் பூவும் ஊதுபத்தியும் வைத்திருப்பார்கள். அது காலையில் வைத்த காணிக்கை. மிதிக்காமல் சுற்றிப் போங்கள்.

அப்புறம் மூக்கை நம்புங்கள். புதிதாக அரைத்த வாசம் வர வேண்டும். சிக்குப் பிடித்த எண்ணெய் வாசம் வந்தால் திரும்பிவிடலாம். அரைக்கும் எந்திரத்தின் மேல் கொட்டை நிரப்பும் கூம்பைக் கவனியுங்கள். வெயில் படும் இடத்தில் அது நிறையக் கொட்டையோடு நின்றால், உள் சுவரில் எண்ணெய் படிந்து பழுப்பாக இருந்தால், அங்கே யாருக்கும் அக்கறை இல்லை. இந்த ஊர் வெக்கையிலும் ஈரத்திலும் வறுத்த கொட்டை சீக்கிரமே மணம் இழந்துவிடும். அதனால் நல்ல கடைகள் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நிரப்பும், மீதியைக் காற்றுப்புகாத டப்பாவில் வைத்திருக்கும். கூரை மட்டும் போட்டு நாலு பக்கமும் திறந்திருக்கும் கடைகளில் இதை இன்னும் உன்னிப்பாகப் பார்க்க வேண்டும்.

பால் நுரைக்கும் குழாயை ஒவ்வொரு முறையும் துடைக்கிறாரா என்பது அடுத்தது. துடைக்காவிட்டால் நான் பால் காபி கேட்கவே மாட்டேன்.

பிறகு அந்த ரெண்டு கேள்வி. "இது கிந்தாமணியா?" என்று கேட்காதீர்கள், ஆமாம் என்றுதான் பதில் வரும். "இன்றைக்கு எந்தக் கொட்டை வைத்திருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். "அராபிகா" என்பதோடு நின்றால் சுமார். "கிந்தாமணி, கழுவிக் காயவைத்தது, போன வாரம் வறுத்தது" என்று வந்தால் உட்காருங்கள்.

முதல் கோப்பையைப் பாலும் சர்க்கரையும் இல்லாமல் வடிகாபியாகக் கேளுங்கள். அந்தக் கடையின் தரம் அதிலேயே தெரிந்துவிடும். சூடாக இருக்கும்போது ஒரு வாய், ஆறிய பிறகு ஒரு வாய். ஆறினதும் நல்ல கிந்தாமணி இன்னும் இனிக்கும். மட்டமானது புளித்த தண்ணீர் ஆகிவிடும். திருப்தியாக இருந்தால் அடுத்ததாகப் பனைவெல்லம் போட்ட ஐஸ் பால் காபி, 'எஸ் கோபி சுசு குலா ஆரென்'. மதிய வெயிலுக்கு அதை அடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை.

வாருங்கில் காபி குடிப்பது

இதுதான் எனக்கு மிகப் பிடித்த பகுதி. வழிகாட்டிகளில் பெரும்பாலும் ஒரு வரியில் முடிந்துவிடுவதும் இதுதான்.

வாருங் காபியில் வடிகட்டி கிடையாது. மாவு மாதிரி அரைத்த தூளை டம்ளரில் போட்டு, சர்க்கரை சேர்த்து, கொதிக்கிற தண்ணீரை ஊற்றிக் கலக்கி வைத்துவிடுவார்கள். ஜாவாவில் இதற்குத் துப்ருக் என்று பெயர். பாலியில் சும்மா 'கோபி பாலி' என்றாலே போதும். வந்தவுடன் வாயில் வைக்கக் கூடாது. நாலைந்து நிமிடம் விடுங்கள். மேலே மிதக்கும் தூள் மெல்ல விரிசல் விட்டு, துண்டு துண்டாகக் கீழே இறங்கும். விளிம்பில் பழுப்பு நிறத்தில் ஒரு வளையம் மட்டும் நிற்கும்போது குடிக்க ஆரம்பிக்கலாம். டம்ளரை ஆட்டாமல் குடியுங்கள். கடைசி ஒரு விரல் அளவு சேறு. அதை அப்படியே விட்டுவிட வேண்டியதுதான்.

காலையிலேயே போகச் சொன்னது இதற்காகத்தான். விடியற்காலையில் அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டே இருக்கும். மதியத்துக்கு மேல் பிளாஸ்கில் ஊற்றிவைத்த தண்ணீர்தான். அதன் சூடு போதாது. தூள் அடியில் இறங்காமல் மேலேயே மிதந்து பல்லில் ஒட்டும், காபியும் பச்சையாக இருக்கும். கடைக்காரர் மேல் தப்பில்லை, நேரம் அப்படி.

அடுத்து, எந்தத் தூள்? கூரையிலிருந்து சரம் சரமாகத் தொங்கும் பாக்கெட்டுகள் சர்க்கரையும் பால் பவுடரும் கலந்த உடனடிக் காபி. வெளிநாட்டு முகத்தைப் பார்த்ததும் அதைக் கிழிக்கக் கூடும். கண்ணாடிக் குடுவையில் இருக்கும் கறுப்புத் தூளைக் காட்டி, "கோபி பாலி, புக்கான் சாசே" என்று சொல்லுங்கள். பாக்கெட் வேண்டாம் என்று புரிந்துவிடும். சர்க்கரை வேண்டாம் என்றால் "தன்பா குலா", கொஞ்சம் போதும் என்றால் "செடிகிட் குலா". ஒன்றும் சொல்லாவிட்டால் ரெண்டு பெரிய கரண்டி உறுதி. கடைக்காரப் பெண்ணை 'ம்போக்' என்றும் ஆணை 'ப்ளி' என்றும் கூப்பிடலாம். அக்கா, அண்ணன் மாதிரிதான். வயதானவர் என்றால் 'இபு', 'பாக்'.

சில தூள்களில் சோளமோ அரிசியோ வறுத்துக் கலந்திருப்பார்கள். நம் ஊர்க் காபியில் சிக்கரி சேர்ப்பது போலத்தான், விலையும் குறையும், கெட்டியாகவும் தெரியும். அதில் கொஞ்சம் கருகின பொரி வாசம் அடிக்கும். கலப்பில்லாதது வேண்டுமென்றால் 'கோபி முர்னி' என்று கேளுங்கள்.

தண்ணீர் பற்றிக் கவலை வேண்டாம், கொதிக்கவைத்ததுதான். ஐஸ் போட்டது கேட்டால் மட்டும் ஐஸைப் பாருங்கள். நடுவில் துளையுள்ள உருளை ஐஸ் தொழிற்சாலையில் தயாராகி மூட்டையில் வருவது. பெரிய பாளத்தை உடைத்த ஒழுங்கற்ற சில்லுகள் என்றால் நான் தவிர்த்துவிடுவேன்.

மரநாய்க் காபி

உபுடிலிருந்து தெகலலாங் வழியாகக் கிந்தாமணிக்குப் போகிற சாலையில், உங்கள் ஓட்டுநர் கட்டாயம் ஓரிடத்தில் நிறுத்துவார். "இலவசமாக ருசி பார்க்கலாம்" என்பார். உள்ளே சின்னச் சின்னக் கோப்பைகளில் இஞ்சி டீ, தேங்காய்க் காபி, வெனிலாக் காபி என்று ஒரு பலகை நிறைய வரும். பெரும்பாலும் இனிப்பு கலந்த பொடிகள். கோபி லூவாக்குக்கு மட்டும் தனிக் காசு. கடைசியில் ஒரு கடைக்குள் கொண்டுபோய் விடுவார்கள். ஓட்டுநருக்குக் கமிஷன் உண்டு.

லூவாக் என்பது மரநாய். அது தின்று வெளியேற்றும் காபிக் கொட்டையைக் கழுவி வறுத்தது இந்தக் காபி. காட்டில் திரியும் மரநாய் இரவில் நல்ல பழமாகப் பார்த்துத் தின்னும், எச்சத்தைத் தேடிப் பொறுக்குவார்கள் என்பது கதை. நடப்பது வேறு. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்களும் ஒரு விலங்கு நல அமைப்பும் பாலியில் 16 தோட்டங்களில் அடைத்துவைத்திருந்த 48 மரநாய்களைப் பார்த்து 2016-இல் ஆய்வு வெளியிட்டார்கள். அடிப்படை நலத் தேவைகூட ஒரு தோட்டத்திலும் நிறைவாக இல்லை. தனியாகத் திரியும் பிராணியைக் கம்பித் தரைக் கூண்டில் போட்டு, வாய்க்குக் காபிப் பழத்தையே திணித்து, பகலில் பயணிகள் பார்க்க எழுப்பிவைக்கிறார்கள். "எங்களுடையது காட்டு மரநாய்" என்ற லேபிளை அந்த இடத்தில் நின்று சரிபார்க்க உங்களுக்கு வழியே இல்லை.

ருசி? விலைக்குத் தகுந்ததாக எனக்குத் தோன்றவில்லை. புளிப்பு மழுங்கிய, சாதுவான காபி. அதே காசுக்கு உபுடில் நல்ல கிந்தாமணி குடிக்கலாம். புறப்படும்போதே ஓட்டுநரிடம் "லூவாக் வேண்டாம், நேரே கிந்தாமணி" என்று சொல்லிவிடுங்கள். வருத்தப்பட மாட்டார், சாப்பாட்டுக்கு அவர் சொல்லும் இடத்தில் நிறுத்தினால் போதும்.

கிந்தாமணிக்கு ஒரு நாள்

மே முதல் செப்டம்பர் வரை மழை குறைந்த காலம், பழம் பறிக்கும் காலமும் அதுதான். சாலையோர முற்றங்களில் கொட்டை காய்வதைப் பார்க்கலாம். விடியற்காலையிலேயே கிளம்புங்கள், உபுடிலிருந்து ஒன்றரை மணி நேரம் போல ஆகும். முற்பகல் தாண்டினால் எரிமலை மேகத்துக்குள் போய்விடும். மேலே குளிரும், ஒரு சட்டை கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பெனெலோக்கான் மேட்டில் பத்தூர் மலையைப் பார்த்தபடி வரிசையாகக் கடைகள். பெரிய பால்கனி, பெரிய கூட்டம். அங்கே நீங்கள் கொடுக்கும் காசு மலைக்குத்தான், காபிக்கு அல்ல. அதில் தப்பொன்றும் இல்லை, ஒரு கோப்பை குடித்துவிட்டு மலையைப் பாருங்கள். காபிக்காக அங்கிருந்து இறங்கி உள்ளூர்ப் பாதைகளில் போக வேண்டும். விவசாயக் கூட்டமைப்புகளும் சில குடும்பத் தோட்டங்களும் பதப்படுத்தும் இடத்திலேயே காபி போட்டுத் தருகின்றன. முந்தைய நாளே கைபேசியில் செய்தி அனுப்பிவிட்டுப் போனால் யாராவது நின்று சுற்றிக் காட்டுவார்கள். கூண்டு எதுவும் இல்லாத, கொட்டை காயவைக்கும் படுக்கை இருக்கிற இடமா என்று படத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

காசு, நேரம், மடிக்கணினி

பட்டியலில் 35கே என்றிருந்தால் 35,000 ரூபியா. விலைக்குப் பக்கத்தில் ரெண்டு கூட்டல் குறி இருந்தால் 10 சதவீத வரியும் 5 முதல் 10 சதவீதம் சேவைக் கட்டணமும் பில்லில் சேரும். வாருங்குக்குச் சில்லறை நோட்டாக வைத்துக்கொள்ளுங்கள், லட்சத்தை நீட்டினால் பாவம் அவர்களிடம் மாற்ற இருக்காது.

நியெப்பி என்ற மௌனத் திருநாளில் தீவே மூடிக்கிடக்கும், விமான நிலையம் உட்பட. பெரும்பாலும் மார்ச்சில் வரும். கலுங்கான், குனிங்கான் பண்டிகைகளில் சின்ன வாருங்குகள் சாத்தியிருக்கும். பயணிகள் பகுதிக் கடைகள் திறந்திருக்கும்.

மடிக்கணினியோடு உட்கார வேண்டுமென்றால் சாங்கு, உபுடில் வசதி அதிகம். மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் ரெண்டு முறையாவது ஏதாவது வாங்குவது மரியாதை.

வீட்டுக்கு வாங்கிப் போக

கடைசி இரண்டு நாளில் வாங்குங்கள், முன்பே வாங்கி வெக்கையில் அறையில் வைக்க வேண்டாம். முழுக் கொட்டையாக, காற்று வெளியேறும் வால்வு உள்ள பையில், 'தங்கால் சங்க்ராய்' என்று வறுத்த தேதி போட்டதாகப் பாருங்கள். காலாவதித் தேதி மட்டும் இருந்தால், வறுத்து எத்தனை மாதம் ஆயிற்று என்று தெரியாது. வறுத்து ஒரு வாரத்திலிருந்து ஒன்றரை மாதத்துக்குள் குடிப்பது உத்தமம். பொருளடக்கத்தில் காபி மட்டும்தானா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் அரைக்கும் எந்திரம் இல்லையென்றால் கடையிலேயே அரைத்துத் தரச் சொல்லலாம். வாருங் மாதிரி டம்ளரில் போட 'ஹாலுஸ்', அதாவது நைஸாக. பிரெஞ்சு பிரஸ்ஸுக்கு 'கசார்', கொரகொரப்பாக. அரைத்ததை வாங்கினால் நூறு, இருநூறு கிராமுக்கு மேல் வேண்டாம், ஊருக்கு வந்ததும் இரண்டு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.